வாப்பாவின் கபுருக்கு இனி நாங்கள் என்ன செய்ய முடியும்?

வெள்ளாற்றுக்கரை

அஸ்ஸலாமு அலைக்கும். பரங்கிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வாப்பா மவுத்தாகி இன்றோடு 23 நாள். வயது 56. சிறுநீரகக் கோளாறில் இரண்டு வருஷம் படுப்பதும் எழுவதுமாக இருந்து, ஒரு வியாழக்கிழமை சுபுஹுக்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டார். அன்றைக்கே லுஹருக்குப் பிறகு அடக்கினோம். எங்கள் ஊர் மையவாடி முழுக்க மணல், பக்கவாட்டில் குடைந்து லஹ்து எடுத்தால் சரிந்துவிடும், அதனால் நடுவில் குழி எடுத்துப் பலகை வைத்து மூடுவதுதான் வழக்கம். கடைசிப் பலகையை நான்தான் வைத்தேன். இரண்டு பலகைக்கு நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கபன் துணியின் வெள்ளை தெரிந்தது. அதன்மேல் பாயைப் போட்டு மணலைத் தள்ளிவிட்டார்கள்.

அடக்கிவிட்டுத் திரும்புகிறவர்களின் செருப்புச் சத்தம் மய்யித்துக்குக் கேட்கும் என்று மதரஸாவில் சின்ன வயதில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மணலில் எங்கள் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்குமா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் வந்துவிட்ட பிறகும் ஒரு பெரியவர் மட்டும் கபுருக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உம்மா தினமும் இஷா தொழுதுவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "கபுர்ல எப்படி இருப்பாரோ தெரியலையே." ஒரே ஒரு நாள் தள்ளி வெள்ளிக்கிழமை போயிருந்தால் கபுருடைய வேதனை இருந்திருக்காதே என்று அதற்கும் அழுகிறார். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் யாசீன் 41 தடவை ஓதச் சொல்கிறார், இன்னொருவர் அதெல்லாம் மார்க்கத்தில் இல்லை, ஓதினால் போய்ச் சேராது என்கிறார். வாட்ஸாப்பில் ஒரு துஆ வந்தது, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் கபுரில் விசாரிக்கிற வானவர்களான முன்கர் நக்கீர் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று.

40ஆம் நாள் ஃபாத்திஹாவுக்கு 300 பேருக்குச் சாப்பாடு போட வேண்டும், இல்லாவிட்டால் ஊர் பேசும் என்று மச்சான் நிற்கிறார். குறைந்தது 75,000 ஆகும். கையில் இல்லை, தங்கச்சி கல்யாணத்துக்கு என்று வைத்திருக்கும் நகையை அடகு வைத்தால்தான் உண்டு. தங்கச்சிக்கு 11 வயது.

இன்னொன்றும் இருக்கிறது. வாப்பா வலை, கயிறு, மிதவைக் கட்டை விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். தானே புயலில், 2011 டிசம்பர் 30, கடைக் கூரையும் சரக்கும் போன பிறகு அவர் சரியாக எழவே இல்லை. தலையணைக்கு அடியில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதில் மூன்று பேர் பெயர், எதிரே தொகை, 18,000, 15,300, 9,000. அடித்து விடப்படாத வரிகள் அந்த மூன்றும்தான். கடைசி இரண்டு ரமளானில் அவரால் நோன்பும் வைக்க முடியவில்லை, மொத்தம் 59 நோன்பு.

அவர் கபுரில் நன்றாக இருக்க நாங்கள் எதை ஓத வேண்டும், எத்தனை தடவை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விவாதம் வேண்டாம், உம்மாவிடம் போய்ச் சொல்கிற மாதிரி ஒரு பதில் வேண்டும்.


மஞ்சக்குப்பம் வாத்தியார்

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அல்லாஹ் உங்கள் வாப்பாவின் கபுரை விசாலமாக்கி வைக்கட்டும்.

எதை ஓதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸாவை (இறந்தவரின் உடலை) கொண்டுவந்தார்கள். இவருக்குக் கடன் இருக்கிறதா என்று கேட்டார்கள். மூன்று தீனார் இருக்கிறது என்றார்கள். எதையாவது விட்டுச் சென்றிருக்கிறாரா? இல்லை. அப்படியானால் உங்கள் தோழருக்கு நீங்களே தொழுகை நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அபூ கதாதா (ரலி) எழுந்து, அந்தக் கடன் என் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் தொழவைத்தார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அல்லாஹ்வின் தூதரே நின்று தொழவைக்க இருந்த ஜனாஸா, மூன்று தீனாருக்காக நின்றது. முஃமினுடைய ஆன்மா அவருடைய கடனோடு கட்டப்பட்டிருக்கும், அது அடைக்கப்படும்வரை, என்று திர்மிதியில் வேறொரு ஹதீஸும் உண்டு. 42,300 ரூபாயை நீங்கள் அடைத்தால் அது உங்கள் வாப்பாவுக்குச் செய்கிற மிகப் பெரிய பாதுகாப்பு, இதில் எந்த ஜமாஅத்தும் மாற்றுக் கருத்து சொல்லாது.

சொத்தைப் பிரிப்பது பற்றிய வசனத்தை (அன்னிஸா 11) எடுத்துப் பாருங்கள். ஒவ்வொருவர் பங்காகச் சொல்லிவிட்டு, "மரண சாசனத்துக்கும் கடனுக்கும் பிறகு" என்று வருகிறது. அடக்கச் செலவு, கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத்து, அதன் பிறகுதான் வாரிசுகள். 40ஆம் நாள் சாப்பாட்டுக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது. உங்கள் தங்கச்சிக்கு 11 வயது என்கிறீர்கள், அவள் இப்போது எத்தீம், தகப்பனில்லாத பிள்ளை. வாப்பா விட்டுச் சென்றதில் அவளுக்குப் பங்கு இருக்கிறது, பிரிக்காத சொத்திலிருந்து ஊருக்குச் சாப்பாடு போட்டால் அவள் பங்கும் அந்தச் சட்டிக்குள் போகிறது. அநாதைகளின் சொத்தை அநியாயமாகச் சாப்பிடுகிறவர்கள் வயிற்றில் நெருப்பைத்தான் நிரப்புகிறார்கள் என்பது அதற்கு முந்தின வசனம். நகையை அடகு வைத்தால் வட்டி வேறு. வாப்பாவை நெருப்பிலிருந்து காப்பாற்ற என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்வது எப்படிச் சரியாகும்? கோபப்படாமல் மச்சானிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

ஜஅஃபர் (ரலி) ஷஹீதான (உயிர்த்தியாகியான) செய்தி வந்தபோது நபியவர்கள் சொன்னது என்ன? ஜஅஃபரின் குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள், அவர்களுக்கு இருக்கிற கவலையில் அவர்களால் முடியாது என்றுதான். ஊர்தான் அந்த வீட்டுக்குச் சாப்பாடு போட வேண்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உம்மாவுக்கு மஹர் (நிக்காஹில் கணவர் மனைவிக்குத் தர வேண்டியது) எவ்வளவு, அதைக் கொடுத்துவிட்டாரா? நம் வீடுகளில் நோட்டில் எழுதாத கடன் அதுதான்.


லாத்தா_முத்தியால்பேட்டை

புதுச்சேரியிலிருந்து. மஹர் பற்றி வாத்தியார் கேட்டது நல்லது, பெண்கள் நாங்களாக அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம்.

நான் 15 வருஷமாக எங்கள் பகுதியில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டிக் கபனிடப் போகிறேன். இலந்தை இலை போட்ட தண்ணீர், வலது பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது, ஒற்றைப்படையில் ஊற்றுவது, கடைசித் தண்ணீரில் கற்பூரம், அப்புறம் தலைமுடியை மூன்று சடையாகப் பின்னிவிடுவது. நபியவர்கள் தம் மகளைக் குளிப்பாட்டிய பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை அது, இன்றைக்கும் கை அப்படியே போகிறது. அங்கே என்ன பார்த்தோம் என்பதை வெளியில் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் சொல்லலாம். விரலில் மோதிரம் கழற்றமுடியாமல் சோப்பு போட்டுக் கழற்றும்போதெல்லாம், இதைக்கூடக் கொண்டுபோக முடியாதவரிடம் நாம் எவ்வளவு சண்டை போட்டிருப்போம் என்று எனக்குத் தோன்றும், வீட்டுக்கு வந்ததும் யாருக்காவது போன் போட்டு மன்னிப்புக் கேட்பேன்.

கபுருடைய வேதனை எதனால் வருகிறது என்று நபியவர்கள் பெயர் சொல்லிக் காட்டிய இடம் ஒன்று உண்டு. இரண்டு கபுர்களைக் கடந்து போகும்போது, இவர்கள் இருவரும் வேதனை செய்யப்படுகிறார்கள், பெரிதாக நினைக்கிற ஒன்றுக்காக இல்லை என்றார்கள். ஒருவர் சிறுநீர் மேலே படாமல் பேணிக்கொள்ளவில்லை. மற்றவர் கோள் சொல்லித் திரிந்தார். பிறகு ஒரு பச்சைப் பேரீச்ச மட்டையை வாங்கி இரண்டாகப் பிளந்து ஒவ்வொரு கபுரிலும் ஒன்றை ஊன்றினார்கள், இது காயாமல் இருக்கும்வரை அவர்களுக்கு இலேசாக்கப்படலாம் என்று. நம் ஊர்ப் பக்கம் கபுரில் பச்சைக் கொப்பு வைப்பது அதைப் பார்த்து வந்ததுதான். மட்டையை எல்லாரும் பிடித்துக்கொண்டோம், கோள் சொல்வதை விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. மய்யித்து வீட்டில் ஒரு பக்கம் யாசீன் ஓதுவார்கள், அடுத்த அறையிலேயே மருமகள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று பேச்சு ஓடும். என் காதால் கேட்டிருக்கிறேன், அந்த இடத்திலேயே எழுந்து போய் நிறுத்தியும் இருக்கிறேன்.

தம்பி, உம்மாவிடம் சொல்ல ஒரு துஆ தருகிறேன். தொழுகையின் கடைசி இருப்பில், அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும் ஓதி முடித்து ஸலாம் கொடுப்பதற்கு முன்னால்:

அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மின் அதாபி ஜஹன்னம், வ மின் அதாபில் கப்ர், வ மின் ஃபித்னத்தில் மஹ்யா வல் மமாத், வ மின் ஷர்ரி ஃபித்னத்தில் மஸீஹித் தஜ்ஜால்.

நரகத்தின் வேதனை, கபுருடைய வேதனை, வாழ்விலும் மரணத்திலும் வருகிற சோதனை, தஜ்ஜாலின் குழப்பம், இந்த நாலிலிருந்தும் உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன் என்று அர்த்தம். குர்ஆன் சூராவைக் கற்றுக்கொடுக்கிற மாதிரி இதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்கிறார்கள். உம்மா இதைத் தனக்காக ஓதட்டும். பிறகு வாப்பாவுக்காகத் தமிழிலேயே கேட்கட்டும். அரபு வராது என்று தயங்கித் தயங்கியே எங்கள் நன்னி (பாட்டி) வருஷக்கணக்கில் துஆ கேட்காமல் விட்டுவிட்டார். ஒரு நாள் நான் சொன்ன பிறகு, "யா அல்லாஹ், அவருக்கு இருட்டுன்னா பயம், வெளிச்சம் குடு" என்று கேட்டார். அதைவிட நல்ல துஆவை நான் இன்னும் கேட்கவில்லை.

உம்மா இத்தாவில் இருக்கிறார், கணவரை இழந்தவர் காத்திருக்கிற நாலு மாதம் பத்து நாள். அந்த நாள்களில் கேள்விகளோடு அவரைத் தனியாக விடாதீர்கள். ராத்திரி முல்க் சூரா ஓதிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.


கோட்டக்குப்பம்_பிள்ளை

வாத்தியார் சொன்னதில் கடன், எத்தீம் சொத்து இரண்டும் சரி, மறுப்பில்லை. ஆனால் 40ஆம் நாளே தப்பு என்கிற மாதிரி பேசுவது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் பெத்தாப்பாவுக்கு ஓதினோம். கடன் வாங்கவில்லை, பிள்ளைகள் நாலு பேரும் சொந்தப் பணத்தைப் போட்டு, 40 ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டோம். அதில் சொந்தக்காரர்கள் ஒரு பத்துப் பேர்தான். மய்யித்துக்காகத் தர்மம் செய்தால் போய்ச் சேரும் என்று ஹதீஸ் இருக்கும்போது, அந்தத் தர்மத்தை ஒரு நாள் பார்த்துச் செய்வதில் என்ன குற்றம்? நாள்தான் கணக்கு, அந்த நாளில் செய்யாவிட்டால் சேராது என்று நம்பினால் அது வேறு விஷயம், அப்படி நாங்கள் நம்பவில்லை. தல்கீனும் (கபுர் கேள்விகளுக்கான பதிலை மய்யித்துக்கு நினைவூட்டிச் சொல்வது) அப்படித்தான், எங்கள் பள்ளியில் அடக்கிய பிறகு ஓதுகிறார்கள், கேட்கும்போது மனசு அடங்குகிறது. ஒருவருக்கொருவர் பித்அத், வஹ்ஹாபி என்று மையவாடியிலேயே கத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், மய்யித்தை இறக்குவதற்கு முன்னாலேயே. அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதைத்தான் முதலில் விட வேண்டும்.


லால்பேட்டையில் ஓதியவன்

ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளும்.

வெள்ளிக்கிழமை மரணம்: வெள்ளிக்கிழமை இரவிலோ பகலிலோ மரணிப்பவரைக் கபுருடைய சோதனையிலிருந்து அல்லாஹ் காப்பான் என்று திர்மிதியில் இருக்கிறது. அதைப் பதிவு செய்துவிட்டு, இதன் அறிவிப்பாளர் தொடர் இணைந்ததாக இல்லை என்று இமாம் திர்மிதியே எழுதுகிறார். உம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானது திங்கட்கிழமை. அபூபக்ர் (ரலி) மரணப் படுக்கையில், இன்று என்ன கிழமை என்று கேட்டுத் திங்கள் என்றதும், இன்றைக்கே போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். வியாழக்கிழமை போனதற்காக யாரும் அழத் தேவையில்லை.

அந்தப் பெரியவர் ஏன் உட்கார்ந்திருந்தார்: நபியவர்கள் அடக்கம் முடிந்ததும் கபுருக்கருகில் நின்று, உங்கள் சகோதரருக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள், அவர் உறுதியாக நிற்கக் கேளுங்கள், அவர் இப்போது விசாரிக்கப்படுகிறார் என்று சொல்வார்கள். இது அபூதாவூதில், உஸ்மான் (ரலி) அறிவிப்பது. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) தம் பிள்ளைகளிடம், என்னை அடக்கிய பிறகு ஓர் ஒட்டகத்தை அறுத்து இறைச்சியைப் பங்கிடுகிற நேரம் என் கபுரைச் சுற்றி நில்லுங்கள், உங்கள் துணையோடு என் ரப்பின் தூதர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று பார்க்கிறேன் என்றார்கள். முஸ்லிமில் இருக்கிறது. அந்தப் பெரியவர் அதைத்தான் உங்கள் வாப்பாவுக்குச் செய்திருப்பார். அவரைத் தேடிப் போய் ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள். செருப்புச் சத்தம் பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. மணலா கல்லா என்பது நம் காதுக்குத்தான், தம்பி, அந்த உலகத்துக் கேட்பு வேறு.

தல்கீன்: இமாம் நவவி போன்ற ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு) அறிஞர்கள் அடக்கிய பின் சொல்வதை நல்லது என்றார்கள், அதற்கான ஹதீஸ் பலவீனமானது என்பதை ஒப்புக்கொண்டே சொன்னார்கள். வேண்டாம் என்கிறவர்கள் அந்தப் பலவீனத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆலிம்கள் இருக்கிற விஷயத்துக்காக மையவாடியில் குரல் உயர்த்துவது ஹராமுக்குப் பக்கத்தில் போகிற காரியம், கோட்டக்குப்பத்துப் பிள்ளை சொன்னது முழுக்கச் சரி.

ஓதுவது சேருமா: குர்ஆன் ஓதி அதன் நன்மையைச் சேர்த்துவைப்பதில் முன்னோர்களிடமே இரு கருத்து உண்டு. ஹனஃபிகள், ஹன்பலிகள் சேரும் என்றார்கள். இமாம் ஷாஃபியின் பிரபலமான கருத்து சேராது என்பது, ஆனால் அவர் மத்ஹபிலேயே பின்னால் வந்த பலர், ஓதிவிட்டு "இதன் நன்மையை இவருக்குத் தருவாயாக" என்று துஆ கேட்டால் சேரும் என்றார்கள். துஆவும் தர்மமும் சேரும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அதனால் எங்கே எல்லாரும் ஒத்துப்போகிறார்களோ அங்கே கையை அழுத்தி வையுங்கள். 41 தடவை என்கிற எண்ணுக்கு நான் ஆதாரம் பார்த்ததில்லை. வாட்ஸாப்பில் வந்ததை அழித்துவிடுங்கள். முன்கர் நக்கீர் கேட்கப்போவது உன் ரப்பு யார், உன் தீன் எது, உன் நபி யார் என்று. போனில் பத்துப் பேருக்கு அனுப்பினால் அந்தக் கேள்வி இல்லாமல் போகும் என்பது மார்க்கத்தின் மேல் சொல்கிற பொய்.

முல்க் சூரா: 67ஆவது சூரா, 30 வசனம். 30 வசனமுள்ள ஒரு சூரா தன்னை ஓதியவருக்கு மன்னிப்புக் கிடைக்கும்வரை பரிந்துரைத்தது என்று வரும் ஹதீஸ் நல்ல தரத்தில் இருக்கிறது. கபுர் வேதனையைத் தடுக்கக்கூடியது என்ற கருத்து இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் சொல்லாக வருகிறது. ஆனால் கவனியுங்கள், அது உயிரோடு இருக்கும்போது தினமும் ஓதுகிறவருக்கு. லாத்தா சொன்னபடி ஓதுங்கள், உங்களுக்காக.

நோன்பு: இனி நோன்பு வைக்க முடியாது என்று மருத்துவர் சொல்கிற நிலையில் இருந்திருந்தால் ஃபித்யா, அதாவது விட்ட நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவு. ஷாஃபி கணக்கில் ஒரு நோன்புக்கு ஒரு முத்து (ஓர் அளவை) தானியம், முக்கால் கிலோ அரிசி வைத்தால் குறையாது. 59 நோன்புக்கு 45 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹனஃபி கணக்கில் இன்னும் கூடும். இதுவும் அவர் விட்ட சொத்திலிருந்து போக வேண்டியது, உங்கள் பள்ளி இமாமிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். 300 பேர் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, 59 வேளை ஏழை வயிறு நிறையும்.

மஹர்: உம்மா விட்டுக்கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் மனதார விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் அன்னிஸா சூராவிலேயே இருக்கிறது. ஜனாஸா வீட்டில் பத்துப் பேர் சூழ்ந்து நின்று, "மஹரை ஹலாலாக்கிட்டேன்னு சொல்லும்மா" என்று கேட்டு வாங்குவது விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. தனியாகக் கேளுங்கள். வேண்டும் என்று சொல்லவும் இடம் கொடுங்கள்.


கடலோரக் காற்று

கடலூர் முதுநகரிலிருந்து. இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு தடவை அழித்துவிட்டேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையில் என் லாத்தா (அக்கா) கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள்தான் கிடைத்தார். அடையாளம் பார்த்தது நான், வயது 17. முறையாகக் குளிப்பாட்டக்கூட முடியாத நிலை, தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு அவசரமாகக் கபனிட்டு அடக்கினோம், தொழ நின்றவர்கள் ஒரு வரிசைதான், ஊரே பிணங்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக வழியனுப்பவில்லை, அவளுக்குக் கபுரில் என்ன நடக்கிறதோ என்று வருஷக்கணக்கில் தூங்கமாட்டேன். உங்கள் உம்மா கேட்கிற அதே கேள்விதான். எனக்கு விடை சொன்னது பள்ளியில் மோதினாராக இருந்த ஒரு வயதானவர். தண்ணீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத், கொள்ளைநோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், இடிபாட்டில் சிக்கியவர், எல்லாரும் ஷஹீதுகள் என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், உனக்குத் தெரியாதா என்றார். எனக்குத் தெரியாது. அதுவரை யாரும் சொல்லவில்லை. பள்ளி ஹவுளுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

பிறகு அவரே, ஸஅத் இப்னு உபாதா (ரலி) தம் தாய் மவுத்தானபோது எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்டதையும், தண்ணீர் என்று நபியவர்கள் சொன்னதையும், அவர் கிணறு வெட்டி இது ஸஅதுடைய தாய்க்கு என்று சொன்னதையும் சொன்னார். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் கிணறெல்லாம் உப்பாகிக் கிடந்த நேரம் அது. நானும் மச்சானும் சேர்ந்து, ஒரு பாலர் பள்ளிக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டினோம், சின்னதுதான், இரண்டு குழாய். வாரத்துக்கு ஒரு நாள் நான் போய்க் கழுவுகிறேன். அடியில் பாசி பிடிக்கும், தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தால்தான் போகும். அதைத் தேய்க்கிற நேரம்தான் நான் லாத்தாவோடு இருக்கிற நேரம். பிள்ளைகள் வந்து வாயை வைத்தே குடிக்கும், சட்டையெல்லாம் நனையும்.

பணம் இல்லாவிட்டால் இருப்பதைச் செய்யுங்கள். பேரீச்சம்பழத்தின் பாதியைக் கொடுத்தாவது நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளுங்கள், அதுவும் இல்லாவிட்டால் ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லி, என்று ஹதீஸ் இருக்கிறது. கடனை அடைப்பதுதான் முதலில், வாத்தியார் சொன்ன மாதிரி. தொட்டியெல்லாம் அப்புறம்.


வெள்ளாற்றுக்கரை

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். 12 நாள் கழித்து எழுதுகிறேன், அதற்குள் சில விஷயங்கள் நடந்துவிட்டன.

லால்பேட்டை ஹஜ்ரத் எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அபூபக்ர் (ரலி) திங்கட்கிழமைக்கு ஆசைப்பட்ட இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமைப் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. லாத்தா கொடுத்த துஆவைத் தங்கச்சி பெரிய எழுத்தில் எழுதி முஸல்லாவுக்கு எதிரே ஒட்டியிருக்கிறாள், உம்மாவுக்கு மூன்றாவது வரியில் மட்டும் இன்னும் தடுக்குகிறது.

மஹர் மூன்று பவுன், 1998 நிக்காஹ் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. கொடுத்துவிட்டார். ஆனால் புயலுக்கு அடுத்த வருஷம் கடையைத் திரும்பத் திறக்க மஹராகப் போட்ட அந்தச் சங்கிலியை உம்மாவிடமே வாங்கி விற்றிருக்கிறார், திருப்பிப் போடுகிறேன் என்று சொல்லி. எனக்கு இது தெரியவே தெரியாது. தனியாகக் கேட்டேன், வேண்டும் என்று சொன்னாலும் சரிதான் என்றும் சொன்னேன். அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாள் காலையில் டீ போட்டுக்கொண்டே, "ரெண்டு பவுனை விட்டுட்டேன், அல்லாஹ்வுக்காக. ஒண்ணு வேணும். அது அவர் எனக்குப் போட்டது" என்றார். ஒரு வருஷத்துக்குள் வாங்கிப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மச்சானிடம் பேசியது சுலபமாக இல்லை. எத்தீம் சொத்து என்ற இடத்தில்தான் அமைதியானார். 300 பேர் இல்லை. ஃபித்யா அரிசி 45 கிலோவை இமாமிடம் கேட்டுப் பிரித்துக் கொடுத்தோம், மூட்டையைத் தூக்கி வந்து நின்றதும் மச்சான்தான். கோட்டக்குப்பம் பாய், 40ஆம் நாளன்று வீட்டில் நாங்கள் மட்டும் ஓதி துஆ கேட்டுக்கொள்ளப் போகிறோம், உம்மாவுக்கு அது வேண்டும்.

அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். வாப்பாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவராம். ஏன் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். "உங்க வாப்பாவுக்குப் புது இடம்னா கொஞ்சம் தடுமாறும்" என்றார், அதற்கு மேல் பேசவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு அன்னங்கோயில் துறைக்குப் போனேன், முதல் பெயர் அங்கே இருக்கிற ஒரு படகுக்காரர். வலைக்கு என்று 18,000 முன்பணம் கொடுத்திருக்கிறார், சரக்கு வருவதற்குள் வாப்பா படுத்துவிட்டார். கடையில் மிச்சம் இருந்த கயிற்றையும் கட்டைகளையும் விற்றுத்தான் பணம் புரட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று வழியெல்லாம் ஒரு நினைப்பு இருந்தது, சொல்லவில்லை. ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து இரண்டு தடவை எண்ணினார். எண்ணி முடித்து, "பாய் நோட்டுல எழுதியிருந்தாரா?" என்று கேட்டார். காட்டினேன். பேனா வாங்கி, தன் பெயர் இருந்த வரியைத் தானே அடித்து, பக்கத்தில் "பைசல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விரலில் இருந்த மீன் செதில் ஒன்று அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது, நான் அதை எடுக்கவில்லை.

இன்னும் இரண்டு பெயர். 9,000 முடசலோடையில், நாளை அஸருக்குப் பிறகு போகிறேன். 15,300க்கு இரண்டு மாதத் தவணை கேட்கப் போகிறேன், அதற்கு துஆ செய்யுங்கள்.